சுகந்தியின் கழுத்து

கொஞ்சம் தள்ளி உக்காரும்மா. ரெண்டு பேர் சீட்டுல ஒரு ஆள் இடம் உன் பைக்கே சரியாப் போச்சு. மடியில வச்சுக்கோ. ஆங், அப்படி.

ஜன்னலோரம் நீயே இருந்துக்கோ, எனக்கு வேண்டாம். ஆனா வெயில் நேரா மூஞ்சியில அடிக்குது பாரு, அந்தத் திரையை இழுத்து விடு. வெயில் பட்டா உன் தாடையில இருக்க தழும்பு இன்னும் கறுக்கும். என்ன, கீழ விழுந்தியா? படி இடிச்சுதா? சின்னப் பிள்ளையில வந்ததா?

கேட்டதுக்கு ஏன் அந்தப் பக்கம் திரும்புதே? உன் கம்மலைக் கழத்திக் குடுன்னா கேட்டேன்? மூஞ்சியில இருக்கதை மூஞ்சியைப் பாத்துக் கேட்டேன். காதுல அந்தப் பாட்டு வயரை மாட்டாதே. மாட்டினாலும் நான் பேசத்தான் போறேன். கோவில்பட்டி வரைக்கும் இன்னைக்கு எனக்கு வாய் மூடாது. வயித்தெரிச்சல் அப்படி.

உன் தழும்பு ஒண்ணும் பெருசில்ல. கத்தாழைச் சோறை நல்லா அலசித் தேய். காஞ்சதும் கஸ்தூரி மஞ்சளும் சந்தனமும் இழைச்சுப் பூசு. கடையில விக்கிற சந்தனப் பொடி இல்ல, கல்லுல இழைச்ச சந்தனம். வெந்தயத்தை ஊறவச்சு அரைச்சுப் போடலாம். சின்ன வெங்காயச் சாறு போடலாம், நாறும், அதுக்கென்ன. எனக்கு எல்லாம் தெரியும். ஒருத்திக்குச் செஞ்சேன். கை கடுக்கச் செஞ்சேன். அதுக்குத்தான் இன்னைக்கு இந்த மரியாதை. காலையில மதுரைக்கு வந்தவ, சாயங்காலம் ஆகுறதுக்குள்ள திரும்பப் பஸ் ஏறிட்டேன். பத்து நாள் இருந்துட்டு வரணும்னு சேலை எல்லாம் எடுத்துட்டு வந்தவ.

எனக்கு ஒரே மகன். லிங்கதுரைன்னு பேரு. அவுக அப்பா போனதுக்கப்புறம் ஒத்தையில நின்னு வளத்தேன். அவனுக்கு நான் ஒரு பிள்ளையைப் பாத்து வச்சிருந்தேன், விளாத்திகுளத்துல. பால் மாதிரி நிறம். இவன் என்ன செஞ்சான்? கம்பெனியில கூட வேலை பாக்கவளை ரிஜிஸ்தர் ஆபீசுல மாலையைப் போட்டுக் கூட்டிக்கிட்டு வந்து வாசல்ல நிக்கான். சுகந்தியாம்.

மூக்கு முழி குத்தம் சொல்ல முடியாது. நான் பொய் பேச மாட்டேன். ஆனா கழுத்துல சுத்தியிருந்த துப்பட்டாவை எடுத்தா பாரு, ஒரே தழும்பு. இடது காதுக்குக் கீழ ஆரம்பிச்சுத் தோள்பட்டை வரைக்கும். மெழுகுவர்த்தி வழிஞ்சு உறைஞ்சு கிடக்கும்லா, அது மாதிரி. தோலு இழுத்துக் கிடந்ததால தலையைத் தனியாத் திருப்ப வராது. கூப்பிட்டா உடம்போட சேந்து திரும்புவா, மரப்பாச்சி மாதிரி.

எய்யா, இது என்னடான்னு கேட்டேன். "ஸ்டவ் வெடிச்சுதும்மா. அவ ஸ்கூல் படிக்கப்ப. அவுக அம்மா அதுல போயிட்டாங்க. உள்ள ஓடி அம்மாவை இழுத்துட்டு வரப் பாத்திருக்கா, அதுல பட்டது"ன்னான். சரி, பாவந்தான். யாரு இல்லேன்னா? ஆனா யோசிச்சுப் பாரு, அந்தத் தாய் எப்படியும் போய்ச் சேந்துட்டா. இவ உள்ள ஓடாம இருந்திருந்தா கழுத்தாவது தப்பியிருக்கும். இதை நான் ஒருவாட்டி அவகிட்டயே சொன்னேன். அவ பாட்டுக்கு வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தா. அவ்வளவு அழுத்தம்.

கட்டின கையோட மகனைக் கம்பெனியில புனாவுக்கு அனுப்பிட்டாங்க, ட்ரெய்னிங்காம். அவ வேலையை விட்டுட்டா. மதுரையில தனியா எதுக்குன்னு எங்கிட்ட கொண்டாந்து விட்டான். "எம்மா, அவளுக்கு அம்மா இல்ல, நீ பாத்துக்கோ"ன்னான். பாத்துக்கிடாம? சித்திரையில வந்தா. ஆவணியில எங்க அண்ணன் மகளுக்குக் கல்யாணம். எங்க சனம் மொத்தமும் மண்டபத்துல கூடும். ரிஜிஸ்தர் கல்யாணத்துக்கு யாரையும் கூப்பிடலையா, எல்லாருக்கும் இவளைப் பாக்கணும். நானும் சும்மா இருக்காம, மருமக தங்கச் சிலை மாதிரி இருப்பான்னு ஊரு பூரா சொல்லி வச்சுட்டேன். பெறகு என்ன சொல்லச் சொல்லுத? வெந்து போனவளைக் கட்டிட்டு வந்துட்டான்னா?

அதுக்குள்ள எப்படியும் மறைச்சுப்புடணும்னு எனக்கு ஒரு வைராக்கியம்.

பஜார்ல நாட்டு மருந்துக் கடை வச்சிருக்காரு பால்வண்ணம் அண்ணாச்சி. அவர்கிட்ட போய், என்ன போட்டா தழும்பு மறையும்னு கேட்டேன். அந்த மனுசன் சொல்லுதாரு, "மைனி, பழைய தீக்காயம். நல்ல எண்ணெயா வச்சுத் தெனமும் நீவி விடுங்க. தோல் இளகும், இழுக்கது குறையும். ஆனா மறையாது." விக்க உக்காந்தவர் பேசுத பேச்சா இது? இப்படிச் சொன்னா அந்தக் கடை எப்படி விளங்கும்? நீர் எண்ணெயை மட்டும் குடும், மறையுமா மறையாதான்னு நான் பாத்துக்கிடுதேன்னு வாங்கிட்டு வந்துட்டேன்.

கண்டக்டரு, எத்தனை தடவை டிக்கெட்டைக் காட்ட? இந்தா பாத்துக்கிடும். மூஞ்சியையும் பாத்து வச்சுக்கிடும்.

என்ன சொன்னேன்? ஆங், எண்ணெய். முத நாள் புறவாசல்ல உக்கார வச்சு, துப்பட்டாவை எடுன்னேன். எடுத்தா. நான் கையை வச்சதும் வெடுக்குன்னு எங்கையைப் பிடிச்சுட்டா. என்ன, வலிக்குதான்னு கேட்டேன். "வலி இல்ல அத்தே. இங்க யாரும் தொட்டதில்ல. ஆஸ்பத்திரியில தொட்டாங்க, அது உறை போட்ட கை"ன்னா. எங்கண்ணுக்கு அந்தத் தழும்புதான் தெரிஞ்சுது, இவ கதை யாருக்கு வேணும்? சரி, கையை எடுன்னுட்டுத் தேய்க்க ஆரம்பிச்சேன்.

அதுலருந்து தெனமும். காலையில கத்தாழை, மத்தியானம் மஞ்சளும் சந்தனமும், சாயங்காலம் எண்ணெய். அரைச்சு அரைச்சு என் கையில ரேகை அழிஞ்சு போச்சு. அவ ஒரு வேலை செய்யணும்னு இல்ல, உக்காந்தாப் போதும். உக்காந்து கண்ணை மூடிக்கிடுவா. சமயத்துல என் மடியிலயே தலையைச் சாய்ச்சுத் தூங்கியும் போயிருவா. தூங்காத நேரம் பேச்சுத்தான். அவுக அம்மா எப்படி ஜடை பின்னுவா, எந்தக் குழம்பு வைப்பா. நான் உம் கொட்டிக்கிட்டே தழும்பைத்தான் பாப்பேன். ஒரு நாள் சொல்லுதா, "இது போகாது அத்தே. ஆனா தடவுங்க. நல்லா இருக்கு."

எவ்வளவு திண்ணக்கம் பாத்தியா? நான் நாயா அரைக்கேன், இவ போகாதுங்கா. மருந்து போடுதவகிட்ட இப்படி அபசகுனமாப் பேசினா மருந்து எப்படிக் கேக்கும்? அதான் கேக்கலை. நான் இன்னைக்கும் சொல்லுவேன், அவ வாய்தான் காரணம்.

ஆடி பொறந்துச்சு. ஒரு நாள் புறவாசல்ல துணி காயப்போட்டுக்கிட்டு நின்னவ, "அத்தே, அத்தே"ன்னு கத்துதா. பாம்போன்னு ஓடுனேன். "பாருங்க, திரும்புது"ங்கா. தலையை இந்தப் பக்கம் முழுசாத் திருப்புதா, அந்தப் பக்கம் திருப்புதா. சின்னப் பிள்ளை மாதிரி சிரிக்கா. எங்கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. எனக்கு வந்துச்சு பாரு எரிச்சல். திரும்பி என்ன செய்ய? தழும்பு அந்த இடத்துல அப்படியேதான இருக்கு! மண்டபத்துல வந்து உக்காரப் போறவங்க இவ தலை திரும்புதான்னா பாக்கப் போறாங்க?

கல்யாணம் கிட்ட வந்துட்டு. எனக்குச் சோறு இறங்கலை. அப்பத்தான் கோயில்ல ஒருத்தி சொன்னா, அவ மருமகனுக்குக் கன்னத்துல மரு இருந்துச்சாம், எருக்கம்பால் வச்சதும் அப்படியே உதிந்துட்டாம். எனக்கு மண்டையில பல்பு எரிஞ்ச மாதிரி இருந்துச்சு. மருவே உதிரும்னா தழும்பு உதிராதா? மேல்தோலு உரிஞ்சாத்தான அடியில நல்ல தோலு வரும்? பால்வண்ணம் அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டேன். "மைனி, அது விசம். கண்ணுல பட்டாப் பார்வை போயிரும். தோல்ல பட்டாப் பொத்துப் போகும். தொடவே செய்யாதீங்க"ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. இவருக்கு எல்லாத்துக்கும் பயம். பயந்தவன் கடை அது.

ரயில்வே கேட்டுப் பக்கம் எருக்கு மண்டிக் கிடக்கும். ஒடிச்சுப் பாலை ஒரு கிண்ணத்துல பிடிச்சுட்டு வந்தேன். மஞ்சளோட கலந்தேன்.

சொன்னேனாவா? அவகிட்டயா? ஏன் இப்படிக் கேக்கே? சொன்னாப் போட விடுவாளா? அவ நல்லதுக்குச் செய்யுறதை அவகிட்டயே கேட்டுக்கிட்டா செய்வாங்க? எப்பவும் போல வந்து உக்காந்தா. கண்ணை மூடினா. கழுத்தைச் சாய்ச்சுக் குடுத்தா. கண்ணுல பட்டுறாம பாத்துத்தான் போட்டேன். அந்த அளவுக்கு எனக்கு அக்கறை இருந்துச்சு, அதை யாரும் பேசுறதில்ல.

கொஞ்ச நேரத்துல, "எரியுது அத்தே"ன்னா. எரியத்தான் செய்யும், பொறுத்துக்கோன்னேன். பொறுத்துக்கிட்டா. பல்லைக் கடிச்சுக்கிட்டு என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தா. பெறகு முடியாம எந்திரிச்சுக் குழாயடிக்கு ஓடித் தண்ணியை ஊத்துதா, ஊத்துதா, நிறுத்தவே இல்ல. அதுக்குள்ள பொத்துக் கொப்புளம் கிளம்பிட்டு. பழைய தழும்புல மட்டும் இல்ல, நல்லா இருந்த தோலு, தொண்டைக்குழி வரைக்கும். பக்கத்து வீட்டு ராஜம்தான் ஆட்டோ பிடிச்சுப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. நானும்தான் போனேன். போகாம இருப்பேனா?

டாக்டரம்மா சின்னப் பிள்ளை. உன் வயசுதான் இருக்கும். பாத்ததும், "எந்த அறிவுகெட்டவ இதைப் போட்டா?"ன்னு கத்துதா. பெரியவங்க நிக்காங்கன்னு ஒரு இது இல்ல. நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள சுகந்தி சொல்லிட்டா, "நானாத்தான் போட்டேன் டாக்டர்." கேட்டியா? அவ வாயாலயே சொன்னா. டாக்டரம்மா சாட்சி, ராஜம் சாட்சி. பெறகு எதுக்கு எல்லாரும் எம்மேல பாயுதாங்க?

வீட்டுக்கு வந்தோம். கஞ்சி வச்சுக் குடுத்தேன். குடிச்சா. குடிச்சுட்டு டம்ளரைக் கீழ வச்சுட்டுச் சொன்னா, "என்ன கலந்தீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அத்தே. நான் கண்ணை மூடிக்கிட்டுல்லா இருந்தேன்."

அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தா நானும் நாலு குடுத்திருப்பேன். போடலையே! மறுநாள் காலையில எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துட்டுக் கூப்பிட்டேன். வரலை. கதவைச் சாத்திக்கிட்டா. எண்ணெய் என்ன செய்யும்? எண்ணெய்ல என்ன விசமா இருக்கு?

ராஜம் இருக்காளே, அவ வாயில ஈ புகாது, சேதி மட்டும் வெளிய வந்துரும். புனாவுக்குப் போன் போட்டு மகன்கிட்ட ஒண்ணு விடாம ஒப்பிச்சுட்டா. அவன் அடிச்சுப் பிடிச்சு வந்தான். உள்ள போய் அவ கழுத்தைப் பாத்துட்டு வெளிய வந்தான். நான் அவனுக்குத் தோசை வாத்துக்கிட்டு இருந்தேன். அடுப்பை அணைச்சான்.

"எம்மா, நான் கேட்டுப் பாத்துட்டேன். இப்பவும் அவ உம்மேல ஒரு வார்த்தை சொல்லலை. அதான் எனக்குத் தாங்கலை."

அவ சொல்லலைன்னு அவனே சொல்லுதான்! பெறகு எதுக்கு அவளைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பணும்? நீயே சொல்லு. சொல்ல மாட்டே. உங்க வயசுக்காரிக எல்லாம் ஒரு கட்சி.

கல்யாணத்துக்கு நான் மட்டும் போனேன். மருமகளுக்குக் காய்ச்சல்னு சொன்னேன். எங்க அண்ணன் பொண்டாட்டி சபையில வச்சுக் கேக்கா, "தங்கச் சிலைக்குக் காய்ச்சல் வருமா மைனி?" எல்லாரும் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு யாரால வந்துச்சு? சுகந்தியாலதான. அவ வந்து ஒரு முக்காடு போட்டு உக்காந்திருந்தா இது உண்டா?

அதோட போக்குவரத்து இல்ல. பொங்கலுக்கு வரலை. அடுத்த பொங்கலுக்கும் வரலை. போன் பண்ணினா மகன் எடுப்பான், "நல்லா இருக்கோம், நீ மாத்திரை சாப்பிடுதியா?"ன்னு கேப்பான், வச்சிருவான். வளைகாப்புக்குச் சொல்லலை. போன மாசம் போன்ல, "பையன் பொறந்திருக்கான்மா"ன்னான். வான்னு சொல்லலை. வராதேன்னும் சொல்லலை. வராதேன்னு சொல்லலைன்னா என்ன அர்த்தம்? வான்னு அர்த்தம். அவளுக்குத் தாய் கிடையாது. பிள்ளையைக் குளிப்பாட்ட யாரு இருக்கா? காலுல போட்டுத் தண்ணி ஊத்த, தொண்டையில தொக்கெடுக்க, சாம்பிராணி காட்ட? நான் போகாம யாரு போவா? மதுரையில அவன் வீட்டுக்குக் கிளம்பிட்டேன்.

கதவைத் தொறந்தவ அவதான். ரெண்டு வருசம் கழிச்சுப் பாக்கேன். முன்னெல்லாம் துப்பட்டா சுத்தாம வாசல் பக்கம் வர மாட்டா. இன்னைக்குக் கொண்டையைத் தூக்கிப் போட்டுருக்கா, கழுத்து பூராவும் தெரியுது. பழசு வெளுத்துக் கிடக்கு. அதுக்குப் பக்கத்துல புதுசு, தொண்டைக்குழி வரைக்கும், கறுகறுன்னு. ஒரு மனுசி வந்திருக்கேனே, ஒரு துணியை எடுத்துப் போடுவோம்னு இல்ல. அதை அப்படியே வச்சுக்கிட்டு, "வாங்க அத்தே"ங்கா.

எனக்குக் காப்பி போட்டுக் குடுத்தா. பஸ்ல கூட்டமான்னு கேட்டா. முட்டுவலி எப்படி இருக்குன்னு கேட்டா. நல்லாத்தான் பேசுதா, அந்த நல்லாப் பேசுறதுதான் எனக்கு வெந்த புண்ணுல வேல் பாய்ச்சுத மாதிரி இருந்துச்சு. மகன் அந்தா நிக்கான், சுவருல சாஞ்சுக்கிட்டு, ஆத்தாளையும் பாக்கான், பொண்டாட்டியையும் பாக்கான்.

பிள்ளையைத் தூக்கிட்டு வந்தா. என் வீட்டுக்காரரை உரிச்சு வச்ச மாதிரி இருக்கான். அதே நெத்தி, அதே காது மடல். நான் ரெண்டு கையையும் நீட்டினேன்.

"கையைக் கழுவிட்டு வாங்க அத்தே"ன்னா.

சரி, பிள்ளை பெத்த வீட்டுப் பழக்கம், நியாயந்தான். கழுவிட்டு வந்தேன். "சோப்புப் போட்டீங்களா?"ன்னா. திரும்பப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்தேன். பிள்ளையை மகன் கையில குடுத்தா. குடுத்துட்டு என் முன்னால வந்து நின்னா. என் கை ரெண்டையும் எடுத்து உள்ளங்கையைத் திருப்பினா. நகத்துக்குள்ள பாத்தா. பாத்துட்டு, குனிஞ்சு மோந்து பாத்தா. வலது கையை, பெறகு இடது கையை. ஒவ்வொரு விரலா. அவசரமே இல்ல.

ஏம்மா, உலகத்துல எந்த மாமியாளுக்காவது இப்படி நடந்திருக்கா? என் பேரனை நான் தூக்க, என் கையை மோந்து பாக்கா! பெத்த மகன் நிக்கான், "ஏட்டி, என்ன செய்யுத?"ன்னு ஒரு சத்தம் போடலை.

மோந்து பாத்து முடிச்சுட்டு, "உக்காருங்க அத்தே"ன்னா. உக்காந்தேன். பிள்ளையை வாங்கி என் மடியில வச்சா. வச்சவ போகலை. எனக்கு எதிர்த்தாப்புல தரையில உக்காந்துக்கிட்டு, பிள்ளை தலைக்கு அடியில அவ கையை வச்சுக்கிட்டே இருந்தா. என் மடி, ஆனா அவ கை. நான் குனிஞ்சு பிள்ளையைப் பாத்தா அவ என்னைப் பாக்கா. அன்னைக்கெல்லாம் கண்ணை மூடிக்கிட்டு இருப்பாள்ல? இன்னைக்கு இமை கொட்டலை.

"கொஞ்சம் எண்ணெய் காய்ச்சிக் குடு, பிள்ளைக்கு நான் தேய்ச்சு விடுதேன்"னேன். மெதுவாத்தான் கேட்டேன்.

"வேண்டாம் அத்தே"ன்னா. "நீங்க சொல்லித் தாங்க. நான் தேய்க்கேன். நீங்க பக்கத்துல இருங்க."

பக்கத்துல இருக்கணுமாம்! நான் வாயால சொல்லணும், அவ கையால செய்வாளாம். இந்தக் கையால எத்தனை பிள்ளைகளைக் குளிப்பாட்டியிருக்கேன், எங்க தெருவுல கேட்டுப் பாரு. எனக்கு எங்கருந்துதான் வந்துச்சோ ஆங்காரம். "உன் பிள்ளையை நீயே வச்சுக்கோ"ன்னு எந்திரிக்கப் போனேன். மகன், "எம்மா, சாப்பிட்டுட்டுப் போ"ன்னான். சோறு வடிச்சு, எனக்குப் பிடிக்கும்னு சுண்டவத்தல் வறுத்து வச்சிருந்தா. மணம் வந்துச்சு. வேண்டாம்னுட்டேன்.

ஒண்ணு மட்டும். எந்திரிக்கும்போது பிள்ளை என் சுண்டுவிரலைப் பிடிச்சுக்கிட்டான். அவளும் பாத்தா, மகனும் பாத்தான். யாரும் விடுவிக்க வரலை. பச்சைப் பிள்ளைக்கு என்ன அப்படி ஒரு பிடி! ரெண்டு பேரும் காத்து நிக்காங்க, நான் திரும்ப உக்காந்துருவேன்னு. எனக்கா உக்காரத் தெரியாது? ஒவ்வொரு விரலா நானே பிரிச்சு எடுத்து விட்டுட்டு வந்துட்டேன்.